பாளையம் பி, பாலராமபுரம் பி

எங்கள் உளவுத் தடுப்புப் பிரிவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தால், கையில் கொடுத்த காபி ஆறுவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடும். "மேடம், அந்த டிராயிங் கேஸ்ல என்கிரிப்ஷனை எப்படி உடைச்சீங்க?" கேட்கும்போதே கண்கள் விரியும். "நான் எங்கேப்பா உடைச்சேன்?" என்பேன். உடனே முகம் வாடிப்போகும். இருட்டு அறை, பத்து கம்ப்யூட்டர், திரையில் ஓடும் பச்சை எழுத்து என்று என்னென்னவோ கற்பனை செய்துகொண்டு வந்திருப்பார்கள், பாவம்.

சத்தியமாகச் சொல்கிறேன், பணிக்காலம் முழுவதிலும் நான் ஒரு மறையாக்கத்தையும் உடைத்ததில்லை. அதற்கான கணக்கு எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களிடம் கேட்டால் அவர்களும் உதட்டைப் பிதுக்குவார்கள். அனுப்புகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் செய்தி பூட்டிய பெட்டிக்குள் போகிறது, நடுவில் நின்றுகொண்டு நாம் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் நடக்காது. ஆனால் இரண்டு முனையிலும் ஒரு மனுஷன் இருக்கிறான். அவனுக்குப் பசிக்கும், கோபம் வரும், வெட்கம் வரும். நம் பிழைப்பு அங்கேதான் ஓடுகிறது.

அந்தக் கேஸ் தொடங்கியதே ஒரு டீக்கடையில்தான். வெளிநாட்டுக்கு ரகசிய வரைபடங்களைக் கைமாற்றிவிடும் ஒரு தரகனைப் பல வாரங்களாகப் பின்தொடர்ந்துகொண்டிருந்தோம். அவன் போனைப் பிடுங்குவது பெரிய காரியமில்லை. பிடுங்கிய நொடியில் அது பூட்டிக்கொண்டால் அப்புறம் அது வெறும் கண்ணாடித் துண்டு. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தில் அவன் டீ குடித்து முடித்து, ஸ்கேன் செய்வதற்காகப் போனைத் திறந்து நீட்டினான். பின்னால் நின்ற எங்கள் சேவியர், "அண்ணே, ஒரு நிமிசம்" என்று மரியாதையாகக் கேட்டு, மரியாதை இல்லாமல் வாங்கிக்கொண்டான். திரை அணைந்துவிடக் கூடாதே என்று ஜீப்பில் வரும் வழியெல்லாம் அதை விரலால் தடவிக்கொண்டே வந்தான். நாகர்கோவில்காரன். தடவியபடியே எங்கள் அறைக்குள் நுழைந்து, "மேடம், இதுக்குமேல எனக்க விரலுக்கு ரேகையே இருக்காது பாத்துக்கிடுங்க" என்றான்.

செய்திகளெல்லாம் தானாகவே அழிந்து போயிருந்தன. மிஞ்சியது ஒரே ஒரு புகைப்படம். கம்ப்யூட்டர் திரை ஒன்றை யாரோ போனில் எடுத்த படம். திரையில் இருந்தது கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான இயந்திர பாகத்தின் வரைபடம். அதை வரைந்தது நம் திருவனந்தபுரத்திலேயே உள்ள ஒரு வடிவமைப்பு நிறுவனம். அவர்களுடைய வரைபடங்கள் கருப்புப் பின்னணியில் இருக்கும். அந்தக் கருப்பில் எதிரே இருந்த ஏதோ ஒன்று மங்கலாகப் பிரதிபலித்திருந்தது. வட்டமாக விரிந்த ஒரு உருவம், நடுவில் ஒரு கம்பு, ஓரத்தில் ஏதோ பிய்ந்து தொங்கியது. பெரிதாக்கிப் பார்த்தோம், திருப்பிப் பார்த்தோம். கடைசியில் "டிஷ் ஆண்டெனா" என்று முடிவு கட்டினோம். நாங்கள் அத்தனை பேரும் படித்தவர்கள் பாருங்கள்.

மறுநாளே அந்த நிறுவனத்துக்குப் போனோம். நான்கு மாடிக் கட்டடத்தில் அவர்களுக்கு மேல்மாடி. உள்ளே போகிறவர்கள் போனை வாசல் பெட்டியில் போட்டுவிட வேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்தவர் அங்கிருந்த கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆலோசகர். சுறுசுறுப்பான மனிதர். நாங்கள் கேட்பதற்கு முன்பே பதில் வைத்திருந்தார்.

"மேடம், ஞான் நேரத்தே கவனிச்சு வெச்சிருக்கேன்" என்று ஒரு கம்ப்யூட்டரைக் காட்டினார். காயத்ரி என்ற பெண்ணின் கம்ப்யூட்டர். அதில் கடவுச்சொல் போட்டு மறையாக்கம் செய்த ஒரு பெரிய கோப்பு இருந்தது. அவள் கொஞ்ச நாளாக ஆபீஸ் முடிந்த பிறகும் தங்கிவிட்டுப் போகிறாளாம். அதோடு விடவில்லை மனிதர். வாசல் பெட்டியில் இருந்த அவள் போன் ஒளிர்ந்தபோது, பூட்டிய திரையில் தெரிந்த செய்திகளையும் படம் எடுத்து வைத்திருந்தார். ஆங்கில எழுத்தில் தமிழும் மலையாளமும் கலந்து இப்படி இருந்தன: 'சாதனம் ரெடி.' 'மாவேலி கையில குடுத்தா மதி', அதாவது போதும். 'சார் அறியக் கூடாது.'

சேவியர் பரபரப்பாகிவிட்டான். "சாதனம்னா கருவி மேடம். அந்த ஆண்டெனாதான்!" என்றான். போனில் என் மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் மலையாளி. மலையாளத்தில் சாதனம் என்றால் எந்தப் பொருளையும் சொல்லலாம், ஆனால் ரகசியமாகக் கைமாறுகிற சரக்குக்கும் அதுதான் செல்லப்பெயர். "சாதனமா! அப்போ கடத்தல் தன்னே" என்றார் அவர். ஆக, அந்தப் பெண் இரண்டு மொழியிலும் குற்றவாளி ஆகிவிட்டாள். மாவேலி என்பது வாங்குகிறவனின் ரகசியப் பெயர் என்று குறித்துக்கொண்டோம். ஓணத்துக்கு மக்களைப் பார்க்க வருகிற மகாபலியைத்தான் இந்த ஊரில் பச்சைக் குழந்தைகூட மாவேலி என்று சொல்லும். அப்போது ஓணம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அது உறைக்கவில்லை. சந்தேகம் தலைக்கு ஏறிவிட்டால் எதிரே இருக்கிற யானைகூடச் சங்கேதமாகத்தான் தெரியும், இதை மட்டும் நன்றாக நினைவில் வையுங்கள்.

மேலிடத்து உத்தரவு தெளிவாக இருந்தது. மாலைக்குள் கோப்பைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பெண்ணைக் கைது செய்து அழைத்து வர வேண்டும். வண்டி கீழே நின்றது. கைதுக் குறிப்பு என் பையில் இருந்தது, என் கையெழுத்துதான் பாக்கி. நாட்டு ரகசியங்களைக் காக்கும் சட்டத்தில் ஒருவரை உள்ளே வைத்துவிட்டால் ஜாமீன் லேசில் கிடைக்காது. பல வருஷம் கழித்து நிரபராதி என்று தீர்ப்பு வரலாம், ஆனால் அதற்குள் அந்தப் பெயரைத் தெருவில் உச்சரிக்க முடியாமல் போயிருக்கும். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதிருக்கும் அவளுக்கு.

காயத்ரியைக் கூட்ட அறைக்கு அழைத்தோம். கரமனைப் பக்கம் அக்ரகாரத்துப் பெண். சாட்சியாக அவளுடைய பிரிவுத் தலைவர் கோபன் சார் வந்து உட்கார்ந்தார். தொப்பையும் சிரிப்புமாக நல்ல மனிதர். "எங்கிட்டே ஒர்க் பண்ணுந்ந குட்டி. ஞான் கூட இருக்கணும்" என்று அவராகவே வந்தார். நடப்பதை எல்லாம் மகஸரில் எழுதி, சாட்சி ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. ஆலோசகரும் சுவரில் சாய்ந்து நின்றார்.

உளவு என்ற சொல்லை நாங்கள் அவளிடம் சொல்லவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டர் பரிசோதனை என்று மட்டும் சொல்லியிருந்தோம்.

"இந்தக் கோப்பு யாருது?"

"என்னோடதுதான் மேடம்."

"பாஸ்வேர்ட்?"

"சொல்ல முடியாது மேடம். நானே டைப் பண்ணித் திறந்து காட்டறேனே?"

அது நடக்காத காரியம். சந்தேகத்துக்கு உள்ளானவரின் விரல் விசைப்பலகையில் படவே கூடாது. திறக்க ஒரு சொல், எல்லாவற்றையும் அழிக்க இன்னொரு சொல் என்று வைத்திருப்பவர்கள் உண்டு. "நீ சொல்லு, இவர் டைப் பண்ணுவார், அதை மகஸரில் எழுதுவோம்" என்றேன்.

அவள் மறுத்துத் தலையாட்டினாள். "அப்போ மாவேலி யாரு?" என்றேன்.

"அதுவும் சொல்ல முடியாது."

ஆலோசகர் சிரித்தார். "மேடம், எதுக்கு நேரத்தை வேஸ்ட் ஆக்கறது? பூட்டி வெச்சிருக்கான்னாலே மறைக்கறான்னுதானே அர்த்தம்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் வீட்டு பீரோவையும் நான் பூட்டித்தான் வைக்கிறேன். அங்கே என் புடவைதான் இருக்கு" என்றேன். வாயை மூடிக்கொண்டார். ஆனால் வாய்தான் மூடியது. கண் அடிக்கடி கடிகாரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும், பிள்ளைகளா. அந்த நேரத்தில் நான் செய்யக்கூடியது இரண்டுதான். குரலை உயர்த்தலாம், இல்லை கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகலாம். கையைப் பைக்குள்கூட விட்டுவிட்டேன். அப்போது அவள் மெதுவாக ஒன்று கேட்டாள். "மேடம், நான் சொல்றதை எழுதினா, அதுல சாரும் ஒப்பு போடணுமோ?"

ஒப்பு என்றால் இங்கே கையெழுத்து. கோபன் சார் அதற்குத் தயாராகப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் பார்த்தது அந்தப் பேனாவை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவள் ஆரம்பத்திலிருந்தே என்னைப் பார்த்துப் பயப்படவில்லை. சேவியரின் மீசைக்கும் பயப்படவில்லை. நாட்டு ரகசியத்தை விற்றவள் போலீஸைப் பார்த்துப் பயப்படாமல் பிரிவுத் தலைவரின் பேனாவைப் பார்த்தா பயப்படுவாள்?

"கோபன் சார், காலையிலேருந்து உட்கார்ந்திருக்கீங்க. கீழே போய் ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க" என்றேன். "ஐயோ, வேண்டா மேடம்" என்றார். "நான் குடிக்கச் சொன்னேன்" என்றேன். போய்விட்டார். ஆலோசகரையும் வெளியே நிற்கச் சொன்னேன். கீழ்த்தளத்து வங்கியிலிருந்து ஒரு பெண் அதிகாரியைப் புதிய சாட்சியாக வரவழைத்தோம். சாட்சி மாறிய காரணத்தை மகஸரில் என்னவென்று எழுதுவது என்று சேவியர் கேட்டான். "சாயா என்று எழுது" என்றேன். எழுதியும்விட்டான் கழுதை, பிறகு அடித்துத் திருத்த வேண்டியதாயிற்று.

கதவு சாத்தியதும் அந்தப் பெண்ணின் வாயிலிருந்து 'மேடம்' போய் 'மாமி' வந்துவிட்டது.

"மாமி, எனக்கு இன்னும் கன்ஃபர்மேஷன் ஆகலை. ஃபைல் சார் மேஜையிலேதான் இருக்கு. இது அவர் காதிலே விழுந்துதுன்னா என் ஜோலி போயிடும் மாமி."

"நான் மாமி இல்லடீ, சாலைக் கடைத்தெருக்காரி. அக்கான்னு சொல்லு. அவர் காதில விழாது. என்ன பாஸ்வேர்ட்?"

தலையைக் குனிந்துகொண்டு, தரையிடம் சொன்னாள்: "போளிக்கள்ளன்."

வங்கி அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"ஆத்துலேருந்து போளி கொண்டு வருவேன். சார் டேஸ்ட் பாக்கறேன்னு ஒண்ணு எடுப்பார். திரும்பிப் பார்த்தா டப்பா காலியா இருக்கும். ஒவ்வொரு தடவையும்! எங்களுக்குள்ளே அவருக்கு அதான் பேர்."

சிரிக்கக் கூடாது என்று நகத்தால் உள்ளங்கையை அழுத்திக்கொண்டேன். சேவியர் கர்மசிரத்தையாகத் தட்டினான். தவறான கடவுச்சொல் என்று வந்தது. மறுபடியும் தட்டினான். மறுபடியும் தவறு. என் சிரிப்பெல்லாம் வடிந்துவிட்டது. இவ்வளவு நேரம் நடித்துவிட்டாளா? இது நேரத்தைக் கடத்துகிற வேலையா? கீழே வண்டியின் ஓட்டுநர் வேறு ஹாரன் அடித்தார்.

"என்னம்மா, பொய் சொல்லுதியா?" என்றான் சேவியர்.

"இல்லே சார், சத்தியமா! நீங்க என்ன அடிச்சேள்?"

"பொளிக்கள்ளன். பிரமாதம்னா அடிபொளின்னு சொல்லுவாவ இல்லியா, அந்தப் பொளி."

"ஐயோ, அது இல்லே சார்! திங்கற போளி!"

"அதுக்கும் பி தானே?"

"பி இல்லே சார், பி!"

"நானும் பி தானே அடிச்சேன்!"

"அந்த பி இல்லே, இந்த பி!"

இரண்டு பேரும் பி, பி என்று கத்த, வெளியே நின்ற ஆலோசகர் கதவைத் தட்டி, "மேடம், எல்லாம் ஓகேயா?" என்று கேட்டார். கடவுச்சொல் ஆங்கில எழுத்தில், அங்கே P வேறு, B வேறு; நம் தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. சேவியர் ஊரில் அந்தப் பண்டத்தைப் உதட்டில் காற்று விட்டு லேசாகச் சொல்வார்கள். திருவனந்தபுரத்தில் பாயசத்தோடு இலையில் விழும்போது அது வயிற்றிலிருந்து கனமாக வரும் சொல். இந்த ஊரிலேயே பிறந்து அதைத் தின்று வளர்ந்தவள் நான். எழுந்து நின்று, ஊர்ப் பெயரை வைத்து எங்கள் ஊரில் எழுத்துக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க. காயத்ரி, பாளையம் பி-யா, பாலராமபுரம் பி-யா?"

"பாலராமபுரம், அக்கா! பாலராமபுரம்!"

சேவியர் தட்டினான். கோப்பு திறந்தது.

உள்ளே கப்பலும் இல்லை, இயந்திரமும் இல்லை. ஆபீஸ் ஓண விழாவுக்கு அவர்கள் ரகசியமாகத் தயாரித்துக்கொண்டிருந்த நாடகமும், அதன் ஒத்திகையை எடுத்த வீடியோக்களும்தான் இருந்தன. ஆண்டுக்கு ஒருமுறை மக்களைப் பார்க்க மாவேலி வருகிறார். அவருக்குப் பரிமாறிய போளியைத் தொப்பைக்காரப் பிரிவுத் தலைவர் ஒருவர் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். கதை அவ்வளவுதான். தலைவர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, மாதிரிகளைப் படமெடுக்கும் ஆபீஸ் கேமராவில் எடுத்து, அந்தக் கம்ப்யூட்டரிலேயே பூட்டி வைத்திருந்தார்கள். மாவேலி வேஷம் கட்டியவர் கையில் ஓலைக்குடை. செய்தியில் வந்த சாதனம் அதுதான்.

வயிறு குலுங்கச் சிரித்தோம். வங்கி அதிகாரி மகஸர் தாளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். ஓடுகிற வீடியோவைக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சட்டென்று சிரிப்பு நின்றது. மாவேலி குடையைச் சாய்த்துப் பிடித்தார். வட்டமாக விரிந்த குடை, நடுவில் கம்பு, ஓரத்தில் ஓலை ஒன்று பிய்ந்து தொங்கியது.

"சேவியர், நிறுத்து. உன் ஆண்டெனா இதோ இருக்கு."

ஒத்திகை நடந்தது சாப்பாட்டு அறையில். அதன் பின்சுவர் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரைபடக் கூடம். எல்லோரும் ஒத்திகைக்கு வந்துவிட்டதால் கூடம் காலியாக இருந்தது, ஒரே ஒருவரைத் தவிர. கருப்புத் திரை ஒன்றின் முன்னால் அவர் நின்றுகொண்டு கையை உயர்த்தினார். கையில் போன். அந்த மாடிக்குள் போனைக் கொண்டுபோக அனுமதி இருந்தது ஒரே ஒரு மனிதருக்குத்தான். அவர் அப்போது கதவுக்கு வெளியே நின்று, எப்போது இந்தப் பெண்ணைக் கொண்டுபோவோம் என்று காத்துக்கொண்டிருந்தார்.

தரகனின் போனில் கிடைத்த படத்தையும் வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். குடையின் சாய்வும், தொங்கிய ஓலையும், திரையில் இருந்த வரைபடமும் அச்சாகப் பொருந்தின. அவர் திரையை எடுத்தபோது திரை குடையை எடுத்துக்கொண்டது, கேமரா அவரையே எடுத்துக்கொண்டது. ஆலோசகரை உள்ளே அழைத்து இரண்டையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "கொஞ்சம் வெள்ளம் வேணும்" என்றார். தண்ணீர் கொடுத்தோம். குடித்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். அவருடைய போன் கடைசிவரை திறக்கவே இல்லை. இன்றைக்கும் ஏதோ ஒரு பெட்டிக்குள் பூட்டியபடியே கிடக்கும், கிடக்கட்டும். கீழே நின்ற வண்டியில் அவர்தான் போனார்.

என்ன நடந்தது, எதிலிருந்து தப்பித்தாள் என்று அப்புறம்தான் காயத்ரியிடம் சொன்னேன். கைதுக் குறிப்பைக் காட்டினேன். படித்தாள். நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான் போளிக்குன்னா பயந்துண்டிருந்தேன்!" என்றாள். பிறகு அழுதுகொண்டே சிரித்தாள். நானும் அப்படித்தான். அந்தத் தாளை அவள் கண் முன்னாலேயே நான்காகக் கிழித்தேன். என் உத்தியோகத்தில் அவ்வளவு சந்தோஷமாக எதையும் கிழித்ததில்லை. நாங்கள் பெரிய விஷயத்தை அவளிடம் மறைத்தோம், அதனால் அவள் சின்ன விஷயத்தை எங்களிடம் மறைத்தாள். யாராவது வாய் திறக்கவில்லை என்றால், எதை மறைக்கிறார் என்று கேட்பதற்கு முன்னால் யாரிடம் மறைக்கிறார் என்று பாருங்கள். அந்த ஆள் பெரும்பாலும் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

ஓண விழாவுக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். நாடகம் நடந்தது. நடுங்கிக்கொண்டேதான் போட்டார்கள். தொப்பைக்குத் தலையணை கட்டியவன் போளியைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது கூடமே அதிர்ந்தது. கோபன் சார்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார்.

பந்தியில் எனக்குப் பக்கத்து இலை அவருடையது. பாயசம் வந்தது. காதருகே சாய்ந்து மெதுவாகப் பேசினார்.

"மேடம், அன்னைக்கு என்னைச் சாயா குடிக்க அனுப்பினீங்க இல்லியா? எதுக்குன்னு எனக்கு அப்பவே பிடி கிட்டி. அந்தப் பேரு எனக்கு நேரத்தே தெரியும். ரெண்டு ஓணமாத் தெரியும். அவளோட கன்ஃபர்மேஷன் ஃபைல்ல அதுக்கு முந்தின வாரமே ஒப்பு போட்டாச்சு. ஓணத்துக்குச் சொல்லலாம்னு வெச்சிருந்தேன்."

இவ்வளவு பெரிய மனிதரையா வெளியே அனுப்பினோம் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு மட்டும் இதுவரை அறியில்லா" என்றார். "ஸ்பெல்லிங். பாளையமா, பாலராமபுரமா?"

"பாலராமபுரம், சார்" என்றேன்.

"அதானே சரி" என்று தலையாட்டினார். குனிந்து பார்த்தேன். என் இலையில் போளியைக் காணோம்.